உதிர்ந்த இலையும் வீட்டுக் கல்வியும்



ஒக்டோபர் மாதம் பிறந்ததும் கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் நம் உறவினர் அனுப்பும் படங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். செம்மையும் பொன்மையும் கலந்து தீப்பற்றியது போல நிற்கும் மரங்கள். அவற்றின் அடியில் முழங்காலளவு குவிந்த இலைகள். அவ்விலைக் குவியலின் நடுவே சிரித்துக்கொண்டு நிற்கும் நம் பேரப்பிள்ளைகள். “எவ்வளவு அழகு!” என்று சொல்லிவிட்டு நாம் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றோம். அழகு உண்மைதான். ஆனால், அந்தக் குவியலிலே அழகோடு ஓராண்டுக்குப் போதுமான பாடமும் கிடக்கின்றது. அப்பாடத்தை வீட்டிலிருந்தபடியே பிள்ளைக்குக் கற்பிப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வீட்டிலிருந்தபடியே என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. அந்நாடுகளிலே பிள்ளைகள் சிலர் பாடசாலைக்குச் செல்வதில்லை. தாயோ தந்தையோ வீட்டில் வைத்தே கற்பிக்கின்றனர். இங்கிலாந்தின் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளைக்குக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்று விதித்தது. அக்கல்வி பாடசாலையிலும் கிடைக்கலாம், வேறு வகையிலும் கிடைக்கலாம் என்று இடமளித்தது. கனடாவின் மாகாணங்களிலும், அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுக் கல்விக்குச் சட்டம் இடந்தருகின்றது. நம் நாட்டில் அவ்வழக்கம் பரவலாக இல்லையாயினும், 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொரோனா நோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோதும், 2022ஆம் ஆண்டிலே எரிபொருள் தட்டுப்பாட்டினால் பல பாடசாலைகள் மூடப்பட்டபோதும், ஒவ்வொரு வீடும் ஒரு பாடசாலையாக வேண்டியிருந்ததை நாம் மறந்திலோம். “புத்தகம் முடிந்துவிட்டது, இணையமும் இல்லை, இனி என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது?” என்று அந்நாளிலே பெற்றோர் பலர் கேட்டனர். அக்கேள்விக்கு ஒரு விடை முற்றத்தில் உதிர்ந்து கிடந்தது.

பாடசாலை வேண்டாம் என்று சொல்ல வந்தேனல்லேன். பாடசாலையிலே பணியாற்றி வயது முதிர்ந்தவன் அவ்வாறு சொல்லமாட்டான். ஆயினும், பாடசாலைக்கு இல்லாத ஒரு வசதி வீட்டுக்கு உண்டு. பாடசாலையிலே 40 நிமிடத்தில் மணி அடிக்கும். பிள்ளை இலையைப் புரட்டிப் பார்க்கத் தொடங்கும் வேளையிலே அடுத்த பாடம் வந்துவிடும். வீட்டிலே அத்தகைய மணி இல்லை. ஒரே மரத்தை ஒரு பருவம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க வீட்டுப் பிள்ளையால் முடியும்.

இனி, இலையைக் கொண்டு பாடம் நடத்துவதாகச் சொல்லிப் பெரும்பாலோர் செய்வது யாது? பிள்ளை நான்கைந்து சிவந்த இலைகளைப் பொறுக்கி வருகின்றது. தாய் அவற்றைப் புத்தகத்தினுள் வைத்து அழுத்தி, காய்ந்தபின் அட்டையில் ஒட்டி, கீழே அழகிய எழுத்தில் மரத்தின் பெயரை எழுதிக் கொடுக்கின்றாள். அட்டை சுவரில் தொங்குகின்றது. பாடம் முடிந்துவிடுகின்றது. கை வேலையாக இது நன்று. இதனைக் குறை கூறவேண்டியதில்லை. ஆனால், இதிலே பிள்ளை எதனைக் கேட்டது, எதனைக் கண்டுபிடித்தது என்று வினவினால் விடை இல்லை. இலையை ஒட்டுவது கல்வியின் தொடக்கமும் அன்று, முடிவும் அன்று. அதனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டு, அக்கேள்விக்கு இலையிடமிருந்தே விடை பெறுவதுதான் கல்வி.

இக்கருத்து புதியதன்று. இங்கிலாந்திலே சார்லட் மேசன் என்னும் கல்வியாளர் 1886ஆம் ஆண்டில் வீட்டுக் கல்வி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளைகள் நாள்தோறும் வெளியே சென்று இயற்கையைப் பார்க்க வேண்டும், பார்த்ததைத் தம் கையாலே ஒரு குறிப்பேட்டில் வரைந்து எழுதவேண்டும் என்பது அவர் முறை. அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா பொட்ஸ்போர்ட் கொம்ஸ்ரொக் என்னும் அம்மையார் இயற்கைப் பாடத்துக்கென ஆசிரியருக்கு ஒரு பெருங் கைந்நூலை 1911ஆம் ஆண்டில் எழுதினார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஆசிரியர் நாணவேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. வீட்டில் கற்பிக்கும் தாய்க்கு இதைவிட ஆறுதலான சொல் வேறு இல்லை. அவள் தாவரவியல் கற்றிருக்க வேண்டுவதில்லை. பிள்ளையோடு சேர்ந்து பார்க்க மனமிருந்தால் அதுவே போதும்.

முதலாவது வேலையாக, பிள்ளையை ஒரே மரத்தின் அடியிலிருந்து பத்து இலைகள் பொறுக்கி வரச் செய்யுங்கள். பத்து மரங்களிலிருந்து பத்து இலைகள் அன்று. ஒரே மரத்திலிருந்து பத்து. மேப்பிள் மரமாயின் நன்று. கனடா 1965ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் முதல் தன் கொடியிலே தாங்குவது அம்மரத்தின் இலையையே. பத்தையும் மேசையில் பரப்பி, “இவற்றுள் ஒன்றுபோல் ஒன்று இருக்கின்றதா?” என்று கேளுங்கள். பிள்ளை முதலில் “எல்லாம் ஒன்றுதான்” என்று சொல்லும். சற்றுப் பொறுத்திருங்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஒன்று முற்றாகச் சிவந்தது, மற்றொன்றில் நரம்போரம் இன்னும் பச்சை நிற்கின்றது. ஒன்றைப் புழு துளைத்திருக்கின்றது. இவற்றைப் பிள்ளை தானே சொல்லும். பின்னர், அவற்றைக் கூட்டங்களாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எந்த அடிப்படையிற் பிரிப்பது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். வகைப்படுத்துதல் என்பது அறிவியலுக்கும் இலக்கணத்துக்கும் பொதுவான அடிப்படை. அதனை ஐந்து வயதுப் பிள்ளை இலையிலே கற்றுக்கொள்ளும்.

இரண்டாவது வேலை, இலையின் நரம்புகளைத் தாளில் எடுத்தல். இலையை அதன் அடிப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, மெல்லிய தாளால் மூடி, வண்ணக் கட்டியைப் படுக்கையாகப் பிடித்து மெதுவாகத் தேய்த்தால் நரம்புகள் ஒவ்வொன்றாகத் தோன்றும். மேப்பிள் இலையிலும் ஓக் இலையிலும் அவை வலைபோற் பின்னியிருக்கும். புல்லிலும் சோளத்திலும் கோடு போட்டாற்போல ஒருபோக்காக ஓடும். நம் நாட்டிலுள்ள பாட்டி தென்னோலையையோ வாழையிலையையோ இவ்வாறு தேய்த்து எடுத்து அனுப்பினால், இவையும் புல்லைப்போலவே ஓடுகின்றன என்பதைப் பிள்ளை கண்டுகொள்ளும்.

இவ்விடத்தில் ஒரு மொழிப் பாடமும் வந்து சேர்கின்றது. தமிழிலே எல்லாவற்றையும் இலை என்று சொல்வதில்லை. பனைக்கும் தென்னைக்கும் ஓலை, நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, மாவுக்கும் வேம்புக்கும் இலை. தொல்காப்பியத்தின் மரபியல், ஓலை என்னும் சொல்லைப் புல்லினத்துக்கும், இலை, தளிர் என்னும் சொற்களை மரத்துக்கும் உரியனவாக வகுத்து வைத்திருக்கின்றது. பனையும் தென்னையும் அந்நூலின் முறைப்படி புல்லினத்தையே சாரும். இக்காலத் தாவரவியலும் அவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்றே வகுக்கின்றது. மேலும், ஓர் இலையின் வாழ்நாளுக்கே நம் மொழியிலே படிப்படியாகப் பெயர்கள் உள. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று அவற்றை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். ரொறன்ரோவில் வளரும் பிள்ளைக்கு இச்சொற்களைப் பட்டியலாக எழுதி மனனம் செய்யச் சொன்னால் அது மறுநாளே மறந்துவிடும். கையிலே பழுப்பும் சருகும் இருக்கும்போது சொன்னால், அச்சொல் பொருளோடு ஒட்டிக்கொள்ளும். வேற்று நாட்டிலே தமிழ் வாடிப்போகின்றதே என்று கவலைப்படுகின்றோம். பிள்ளை தொட்டுப் பார்க்கும் பொருளின் பெயராக வரும்பொழுது மொழி அவ்வளவு எளிதில் வாடாது.

இனி, நடு நாயகமான கேள்விக்கு வருவோம். இலை ஏன் உதிர்கின்றது? இதற்கு விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பிள்ளையிடமே கேளுங்கள். “காற்று பறித்துவிடுகின்றது” என்று ஒன்று சொல்லும். “இலை செத்துப்போனபடியால் விழுகின்றது” என்று மற்றொன்று சொல்லும். இரண்டையும் மறுக்காமல் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். பின்னர் அவற்றைச் சோதித்துப் பாருங்கள்.

சோதிக்கும் வழி எளிது. கோடையிலே புயற்காற்றில் முறிந்து, மரத்திலேயே தொங்கிக் காய்ந்துபோன கிளை ஒன்றைத் தேடுங்கள். அதிலே இலைகள் பழுப்பு நிறமாகி முற்றாக இறந்துவிட்டிருக்கும். ஆயினும் உதிர்ந்திருக்கமாட்டா. ஒக்டோபர் மாதத்திலே உயிருள்ள கிளைகளெல்லாம் இலையை உதிர்த்து வெறுமையாகும்போது, இறந்த கிளை மாத்திரம் தன் சருகுகளை விடாது பற்றிக்கொண்டிருக்கும். காற்று இரண்டு கிளைகளுக்கும் ஒன்றே. இறந்தமைதான் உதிர்வதற்குக் காரணமென்றால் அக்கிளையன்றோ முதலில் உதிர்த்திருக்க வேண்டும்? இக்காட்சியைக் கண்ட பிள்ளை உண்மையைத் தானே எட்டிவிடும். உயிருள்ள மரமே தன் இலையை உதிர்க்க வல்லது. உதிர்த்தல் என்பது மரம் செய்யும் ஒரு தொழில்.

அத்தொழில் நடைபெறும் விதத்தை இப்பொழுது பெரியவர்கள் விளக்கலாம். குளிர் நாட்டின் மாரியிலே மண்ணிலுள்ள நீர் உறைந்துவிடுகின்றது. வேர் நீரை உறிஞ்ச இயலாது. அகன்ற இலைகளோ நீரை வெளியிட்டுக்கொண்டே இருப்பன. வரவு நின்ற வீட்டிலே செலவு மாத்திரம் நடந்தால் என்னாகும்? மேலும், அகன்ற இலைகளின்மீது பனி விழுந்து தங்கினால், பாரம் தாங்காது கிளை முறியும். ஆதலின், குளிர் வருமுன்னரே மரம் இலைகளைக் கைவிட ஆயத்தமாகின்றது. கைவிடுமுன் இலையிலுள்ள நல்ல பொருள்களைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றது. இலையிலிருந்த நைதரசனிலும் பொசுபரசிலும் ஏறக்குறையப் பாதி, கிளைக்கும் தண்டுக்கும் வேருக்கும் திரும்பிச் சென்று சேமிக்கப்படுகின்றது. அதன்பின், இலைக்காம்பு கிளையோடு சேருமிடத்திலே மெல்லிய கலங்களாலான ஒரு படை பிரிந்துகொடுக்கின்றது. அதற்கு உட்புறத்திலே தக்கைபோன்ற ஒரு படை உண்டாகிக் காயத்தை முன்கூட்டியே மூடிவிடுகின்றது. அந்நிலையிலே இலை ஒரு நூலிழையிலே தொங்குவது போலத் தொங்குகின்றது. காற்று செய்வது கடைசித் தொடுகை மாத்திரமே.

‘பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம்’ என்பது நம் பழமொழி. பழுத்தது தன்னிடமிருந்ததைக் கொடுத்துவிட்டே விழுகின்றது என்பதை அக்குருத்து அறியாது. இதனைப் பிள்ளைக்குச் சொல்லலாம். ஆனால், முறிந்த கிளையை அது கண்டபின் சொல்லுங்கள்.

நிறம் மாறுவதையும் சோதித்துப் பார்க்கலாம். பச்சை இலை மஞ்சளாவது எப்படி? மஞ்சள் எங்கிருந்தோ வந்து சேரவில்லை. கோடை முழுவதும் அது இலைக்குள்ளேயே இருந்தது. பச்சையம் மிகுதியாயிருந்தபடியால் மறைந்திருந்தது. பகல் குறையும்போது மரம் பச்சையத்தைச் சிதைத்துவிடுகின்றது. மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகின்றது. இதனைக் கண்ணாரக் காண, பச்சை இலைகள் சிலவற்றைச் சிறு துண்டுகளாகக் கிழித்து நசுக்கி, ஒரு கண்ணாடிக் குவளையிலிட்டு, மூடுமளவுக்கு ஸ்பிரிட் ஊற்றுங்கள். அக்குவளையை வெந்நீருள்ள பாத்திரத்தில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றுவது. ஆதலின் அடுப்புக்கு அருகே இதனைச் செய்யலாகாது. யன்னலைத் திறந்து வைத்து, பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்தே செய்யவேண்டும். பின்னர், கோப்பி வடிக்கும் தாளை நீளமாக வெட்டி அதன் நுனி மாத்திரம் அந்நீர்மத்தில் தோயும்படி தொங்கவிட்டால், சற்று நேரத்திலே தாளில் பச்சைப் பட்டையும் மஞ்சட் பட்டையும் வேறு வேறாக ஏறி நிற்கும். பச்சை இலைக்குள்ளே மஞ்சள் இருந்ததைப் பிள்ளை அப்போது கண்டுவிடும். எந்தப் பாடநூலும் இவ்வளவு உறுதியாக அதனைச் சொல்ல இயலாது.

சிவப்பின் கதை வேறு. மேப்பிள் போன்ற மரங்களிலே சிவப்பு நிறப்பொருளின் பெரும்பகுதி இலையுதிர் காலத்திலேயே புதிதாக உண்டாகின்றது. வெயில் தெளிந்த பகலும், உறைபனி விழாத குளிர்ந்த இரவும் தொடர்ந்து வரும் ஆண்டிலே சிவப்பு மிகுந்து காணும். போகப்போகின்ற இலைக்கு மரம் ஏன் இவ்வாறு செலவு செய்து சிவப்பூட்டுகின்றது? நல்ல பொருள்களைத் திரும்ப எடுக்கும் வரை இலையை வெயிலிலிருந்து காப்பதற்காக என்பர் சிலர். பூச்சிகளை எச்சரிப்பதற்காக என்பர் வேறு சிலர். அறிவியலார் இன்றும் இதில் ஒருமனப்படவில்லை. இதனைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டுவதில்லை. எல்லாக் கேள்விகளுக்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலே விடை இருக்கும் என்று நம்பி வளரும் பிள்ளைக்கு, விடை காணப்படாத கேள்வியும் உலகில் உண்டு என்று அறிவது நல்லது.

சரி, குளிர் வரப்போகின்றது என்பது மரத்துக்கு எவ்வாறு தெரியும்? இதிலே கணிதப் பாடம் தொடங்குகின்றது. செப்டெம்பர் 22 அல்லது 23ஆம் நாளையொட்டி, யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் பகற்பொழுது ஏறக்குறைய 12 மணி நேரமே. அதன்பின் ரொறன்ரோவிலே நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 நிமிடம் பகல் குறைகின்றது. ஒரு மாதத்தில் எவ்வளவு குறையும் என்று பிள்ளை கணக்கிடட்டும். ரொறன்ரோவிலே ஆண்டின் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 15½ மணி நேரம்; மிகக் குறுகிய பகல் 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. யாழ்ப்பாணத்திலோ இவ்விரண்டுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவே. ரொறன்ரோவிலே பிள்ளையும், வல்வெட்டித்துறையிலே பாட்டியும், சூரியன் உதித்த நேரத்தையும் மறைந்த நேரத்தையும் நாட்காட்டியைப் பார்த்து வாரத்துக்கு ஒரு முறை எழுதி, தொலைபேசியில் ஒப்பிட்டுக்கொள்ளட்டும். இரண்டு கோடுகளாக வரைந்தால் ஒன்று சரிந்து இறங்கும். மற்றது ஏறக்குறைய மட்டமாக நிற்கும். மரம் கவனிப்பது முக்கியமாக இந்தப் பகலளவைத்தான். வெப்பமும் துணை செய்கின்றது. தெருவிளக்கின் அருகே நிற்கும் மரத்தை அவதானித்தால், விளக்கொளி படும் பக்கத்து இலைகள் மற்றப் பக்கத்து இலைகள் உதிர்ந்த பின்னரும் பச்சையாக நிற்பதைச் சில இடங்களிலே காணலாம். விளக்கொளியைப் பகலென்று அவை எண்ணுகின்றன போலும்!

அளவைப் பாடம் வேண்டுமாயின், ஒரு சென்ரிமீற்றர் கட்டமிட்ட தாளில் இலையை வைத்து ஓரத்தை வரைந்து, உள்ளே அடங்கிய கட்டங்களை எண்ணச் செய்யுங்கள். பாதிக்கு மேல் அடங்கிய கட்டத்தை ஒன்றாகக் கொள்க. பாதிக்குக் குறைந்ததை விட்டுவிடுக. வாய்பாடு இல்லாத உருவத்துக்கும் பரப்பளவு உண்டு என்பதைப் பிள்ளை கண்டுகொள்ளும். சமையலறைத் தராசிலே புதிதாய் விழுந்த ஒரு கூடை இலையை நிறுத்து, காயவிட்டு மறுபடியும் நிறுத்தால், குறைந்தது எவ்வளவு, குறைந்த அந்தப் பொருள் யாது என்ற கேள்விகள் பிறக்கும்.

இலைகளெல்லாம் உதிர்ந்தபின் பாடம் முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். வெறுங்கிளையை அருகே பிடித்துப் பாருங்கள். இலை இருந்த இடத்திலே ஒரு சிறு வடு தெரியும். அவ்வடுவுக்கு மேலே, செதிலால் மூடிய ஒரு சின்னஞ்சிறு அரும்பு இருக்கும். அடுத்த ஆண்டுத் தளிர் அதற்குள் சுருண்டு கிடக்கின்றது. அவ்வரும்பு இலை விழுந்த பின்னர் உண்டானதன்று. கோடையிலேயே, இலை பச்சையாயிருந்த காலத்திலேயே உண்டானது. மேப்பிள் கிளையிலே இவ்வரும்புகள் எதிரெதிராக இணைந்திருக்கும். ஓக் கிளையிலே மாறி மாறி அமைந்திருக்கும். இலையே இல்லாத மரத்தையும் கிளையைப் பார்த்து இன்ன மரம் என்று சொல்லக் கற்ற பிள்ளை உண்மையாகவே பார்க்கக் கற்றுவிட்டது.

கீழே விழுந்த இலைக்கு என்னவாகின்றது என்பது கடைசிக் கேள்வி. வெங்காயம் வரும் வலைப்பையிலே ஒரு பிடி இலையிட்டுக் கட்டி, தோட்டத்திலே நாலு விரல் ஆழத்திற் புதைத்து, மற்றொரு பையிலே பிளாஸ்ரிக் துண்டுகளை இட்டு அதன் அருகே புதைத்துவிடுங்கள். வசந்தம் வந்ததும் இரண்டையும் தோண்டிப் பார்க்கட்டும். இங்கிலாந்துத் தோட்டக்காரர் இலைகளைக் குவித்து ஓராண்டு, ஈராண்டு விட்டு வைத்து, மக்கிய அவ்வுரத்தைப் பாத்திகளுக்கு இடுகின்றனர். மண்புழுவும் பூஞ்சணமும் செய்யும் அத்தொழிலைப் பிள்ளை தன் கையாலே தோண்டிக் காணும்.

இவ்வளவையும் எழுதி வைக்க ஒரு கொப்பி வேண்டும். நாள், இடம், மரம், கண்டது என்று நான்கு செய்திகள் போதும். ஆண்டுதோறும் அதே மரத்தின் முதல் இலை சிவந்த நாளையும், கடைசி இலை விழுந்த நாளையும் குறித்து வருக. இது சிறுபிள்ளை வேலை என்று எண்ணலாகாது. இங்கிலாந்தின் நோர்போக் பகுதியிலே றொபேட் மார்ஷம் என்பவர் 1736ஆம் ஆண்டு முதல் தம் நிலத்திலே மரங்கள் தளிர்த்த நாள்களையும் வசந்தத்தின் பிற அறிகுறிகளையும் குறித்து வந்தார். அவருக்குப் பின் அவர் குடும்பத்தார் 1958ஆம் ஆண்டு வரை அதனைத் தொடர்ந்தனர். உலகத்தின் காலநிலை மாறுவதை ஆராயும் அறிஞர்கள் இன்று அக்குறிப்புகளை எடுத்துப் பயன்படுத்துகின்றனர். ஒரு வீட்டுக் குறிப்பேடு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து நாட்டுக்கே சொத்தாயிற்று.

“இது குளிர் நாட்டுக் கதை, இங்கே எமக்கு எதற்கு?” என்று நேயர் சிலர் கேட்கக்கூடும். நம் முன்னோர் வகுத்த கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறு பருவங்களிலே இலையுதிர்வின் பெயரால் ஒரு பருவம் இல்லை என்பது உண்மையே. ஆயினும், இலையுதிர்க்கும் மரங்கள் இங்கேயும் உள. கடற்கரை ஊர்களிலே நிற்கும் நாட்டுவாதுமை மரத்தைப் பாருங்கள். பிள்ளைகள் அதன் கொட்டையைக் கல்லால் உடைத்துப் பருப்பைத் தின்பர். விழுமுன் செம்பு நிறமாகச் சிவக்கும் அதன் பெரிய இலையை நிமிர்ந்து பார்ப்பவர் சிலரே. இலவமரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறுங்கிளையிலே பூக்கின்றது. களுத்துறை, கேகாலைப் பகுதிகளின் றப்பர்த் தோட்டங்கள் ஆண்டின் முதல் மாதங்களிலே பழுத்து உதிர்கின்றன. அங்கே மரம் அஞ்சுவது குளிருக்கு. இங்கே பெரும்பாலும் வறட்சிக்கு. நீரைக் காப்பதே இரண்டிடத்தும் நோக்கம். ஆதலின், மேற்கூறிய வேலைகள் பலவற்றையும் நம் முற்றத்திலேயே செய்யலாம்.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் பொய்சன் ஐவி என்னும் ஒரு செடி உண்டு. மூன்று மூன்று சிற்றிலைகளாக வளர்வது. இலையுதிர் காலத்திலே அழகாகச் சிவப்பது. அதனைத் தொட்டால் தோல் தடித்துக் கொப்புளிக்கும். பிள்ளை இலை பொறுக்கப் புறப்படுமுன் அதனை அடையாளம் காட்டிக் கொடுங்கள். அவ்வாறே, ஒரே நாளில் எல்லா வேலைகளையும் செய்துவிட முயலாதீர்கள். வாரத்துக்கு ஒரு கேள்வி போதும்.

பெற்றோரே, பாட்டன்மாரே, பாட்டிமாரே! விடை தெரிந்திருந்தும் சற்று நேரம் சொல்லாமல் இருப்பது கற்பிப்போர் யாவருக்கும் கடினமானது. நாம் முந்திக்கொண்டு சொல்லும் ஒவ்வொரு விடையும், பிள்ளை தானே கண்டிருக்கக்கூடிய ஒன்றை அதனிடமிருந்து எடுத்துவிடுகின்றது. அடுத்த முறை கனடாவிலிருந்து இலைக் குவியலின் படம் வரும்போது, அழகாயிருக்கின்றது என்று சொன்னபின், “அந்த மரத்திலே முறிந்த கிளை ஒன்று உண்டா? அதன் இலைகள் விழுந்துவிட்டனவா? பார்த்துச் சொல்லு பிள்ளை” என்று ஒரு கேள்வியும் கேளுங்கள். அவ்விடையைச் சொல்வதற்காகவாவது பிள்ளை மறுநாள் உங்களைத் தொலைபேசியில் அழைக்கும், தமிழிலே அழைக்கும்.